மாமனுக்கு எழுதாத மாத்திரை

இதயச் செயலிழப்பு என்ற சொல்லை நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆங்கிலப் பெயரை யாரோ அப்படியே தமிழில் இறக்கிவைத்த சொல் அது. அதை வாய்விட்டுப் படித்தால் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆள் பயந்துபோய் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். "செயல் இழந்துபோச்சின்னா நான் எப்படிம்மா பஸ் ஏறி வந்தேன்?" என்று நைனார்பாளையத்துக்காரர் ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அன்றிலிருந்து, "இருதயம் பலவீனமா இருக்குதுங்க, ரத்தத்தைத் தள்ற வேகம் கம்மி" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். "மோட்டார் வீக்காயிடுச்சி, அவ்ளோதானே?" என்பார்கள் கரும்புக்காரர்கள். அவ்வளவுதான். தள்ள முடியாத நீர் காலிலும் வயிற்றிலும் தேங்கும். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். மல்லாந்து படுக்க முடியாது.

கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் நான் நர்ஸ். எங்கள் இருதய டாக்டர் ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்தபோது, அந்த வேலைக்கு என்னைக் கேட்டார். 'வாய் ஜாஸ்தி, ஆனா வேலை சுத்தம்' என்று யாரோ என்னைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். முதல் பாதியை நான் மறுப்பதற்கில்லை. வார்டில் கூட இருந்தவர்களுக்குப் பொறாமை. "உனக்கு இன்னாடி, இனிமே ஃபேன் காத்துல உக்காந்துக்கினு பேப்பர் எழுதுற வேலை" என்றார்கள். அவர்கள் சொன்ன அந்த ஃபேன் காற்றைத் தேடிக்கொண்டு நான் மாதாமாதம் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வாயில் ஓர் எலுமிச்சைத் துண்டை வைத்துக்கொள்வேன். வளைவுகள் முடியும்வரை கண்ணைத் திறப்பதில்லை.

ஆராய்ச்சி இதுதான். இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைகளோடு புதிதாக ஒரு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால், நோயாளிகள் மூச்சுத் திணறி மறுபடி மறுபடி ஆஸ்பத்திரியில் படுப்பது குறையுமா என்று பார்க்க வேண்டும். சேர்ந்தவர்களில் ஒரு பாதிக்கு நிஜ மாத்திரை. மறு பாதிக்கு அதே நிறம், அதே அளவு, ஆனால் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. எந்தப் புட்டியில் எது என்று நோயாளிக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. புட்டியில் ஓர் எண் மட்டும் இருக்கும். எல்லாம் முடிந்தபிறகுதான் எண்ணைத் திறந்து பார்ப்பார்கள். தெரிந்துவிட்டால் நம் ஆசை கண்ணை மறைத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

வெள்ளிமலைக்கும் அப்பால், ஜீப்பில் இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டிய ஒரு சின்ன ஊரிலிருந்து இரண்டு பேர் ஒன்றாக இறங்கி வந்தார்கள். மாமன், மச்சான். மாமன் பெரியவர், மச்சானின் அக்காளைக் கட்டியவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கோழிக்கூண்டு மட்டும்தான். சாமை விதைப்பதும் மரவள்ளி பிடுங்குவதும் சேர்ந்து. வாழ்நாள் முழுக்கச் சேர்ந்தே எல்லாம் செய்த இரண்டு பேருக்கும் இருதயமும் சேர்ந்தே தளர்ந்துபோனதில் அவர்களுக்கு ஆச்சரியமில்லை. "வியாதியும் சம்பந்தம் பண்ணிக்கினு வந்துடுச்சி நர்சம்மா" என்று மாமன் சிரித்தார். சிரித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

மச்சானுக்கு நோய் அவ்வளவு முற்றவில்லை. ஏற்றத்தில் நடந்தால் மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். மாமனுக்குக் காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தோம். மச்சான் தேறினார். மாமனின் சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது என்பது விதி. விதி என்றால் அவருடைய நன்மைக்கான விதி. அவருக்கு வழக்கமான மாத்திரைகளோடு நீர் மாத்திரையும் எழுதினார் டாக்டர். தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியே தள்ளும் மாத்திரை அது. மலையிலேயே அரசு சுகாதார நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம். மற்ற மாத்திரைகள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் இரண்டே இரண்டு: மச்சானிடம் ஆராய்ச்சிப் புட்டி, மாமனிடம் நீர் மாத்திரை.

மாமனிடம் நான் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகத்தான் சொன்னேன். "உங்க கிட்னிக்கு அது சேராதுங்க. இதுல சேராததே உங்களுக்கு நல்லது. உங்களுக்கு முக்கியம் இந்த நீர் மாத்திரைதான்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மச்சானைப் பார்த்து, "எனக்கு பேரு வரல, உனக்கு வந்துடுச்சி. வுடு" என்றார்.

அந்தச் சொல்லை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலையில் நலத்திட்டம் என்று எது வந்தாலும் அப்படித்தான். ஆடு கொடுத்தாலும், தார்ப்பாய் கொடுத்தாலும், ஒரு வீட்டுக்குப் பெயர் வரும், அடுத்த வீட்டுக்கு வராது. ஏன் வரவில்லை என்று யாராவது வந்து காரணம் சொல்வார்கள். அந்தக் காரணத்தை மலைக்காரர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள், நம்ப மாட்டார்கள். பெயர் வந்தவன் வராதவனுக்குப் பங்கு கொடுப்பான், அதோடு கணக்கு தீர்ந்துவிடும். கடா வெட்டினால் இலையில் கூறு போடும்போது, வீட்டில் கறி தின்னாத கிழவி மட்டும் இருந்தாலும் அந்த வீட்டுக்கும் ஒரு கூறு விழும். எள்ளானாலும் ஏழாகப் பகிர்ந்துண் என்று நாம் பழமொழி சொல்லிவிட்டு எள்ளை டப்பாவில் போட்டு மூடிவைத்துக்கொள்கிறோம். அவர்கள் பழமொழி சொல்வதில்லை.

வெறும் மாத்திரை சமாசாரத்தையும் நான் மறைக்கவில்லை. மறைக்கக்கூடாது என்பதுதான் முதல் பாடம். "அண்ணே, உங்க புட்டியில மருந்து இருக்கலாம், வெறும் மாவாவும் இருக்கலாம். சம்மதமா?" என்று மச்சானிடம் கேட்டேன்.

"இன்னா நர்சம்மா நீங்க" என்று அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெறும் மாவு குடுக்கவா இவ்ளோ பெரிய டாக்டரு ரத்தம் எடுக்கறாரு? அதுக்கா நீங்க மாசாமாசம் மலையேறி வந்து மாத்திரைய எண்ணப்போறேன்னு சொல்றீங்க?"

"அப்படித்தாங்க. அதான் ஆராய்ச்சி."

"சரி சரி. நீங்க சொல்லணும், சொல்லிட்டீங்க" என்றார். ஏதோ கடமைக்கு நான் பொய் சொல்கிறேன், அதைப் பெரிய மனசோடு மன்னித்துவிட்டார் என்பதுபோல இருந்தது அவர் முகம். எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பத் திரும்பச் சொன்னேன். அவரும் திரும்பத் திரும்பத் தலையாட்டினார்.

அதன்பிறகு மாதம் ஒருமுறை போனேன். மச்சானைத் தராசில் நிறுத்தி எடை பார்ப்பேன், காலை அழுத்திப் பார்ப்பேன், புட்டியைக் கவிழ்த்து மிச்ச மாத்திரையை எண்ணுவேன். ஒரு நாள்கூடத் தவறியிருக்காது. எங்கள் ஆராய்ச்சியில் இத்தனை ஒழுங்கான நோயாளி வேறு யாருமில்லை என்று டாக்டரிடம் பெருமையாகச் சொல்வேன். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஆலை வேலைக்குப் போகிறவர்கள் மாத்திரையை மறந்துவிட்டு, நான் வருகிற நாளில் அவசரமாகப் புட்டியைக் காலி செய்வார்கள். அவர்கள் முழிக்கிற முழியிலேயே தெரிந்துவிடும். இவரிடம் அந்த வேலையே இல்லை. மாத்திரை ஒவ்வொன்றாகக் குறைந்திருந்தது உண்மை. எந்த வாய்க்குள் போனது என்று எண்ணிக்கை சொல்லாது.

மச்சான் மாதாமாதம் நன்றாக ஆகிக்கொண்டு வந்தார். மூச்சு சீரானது, முகம் தெளிந்தது. ஏற்றத்தில் நின்று நின்று போனவர், சாமை மூட்டையை ஒரு கை பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டார். "டவுனு மாத்திரை நர்சம்மா, சும்மாவா?" என்பார். எனக்கும் உள்ளூர ஆசைதான். இவருக்கு விழுந்தது நிஜ மாத்திரைதான் என்று நினைத்துக்கொள்வேன். நினைக்கக்கூடாது என்று தெரிந்தும் நினைத்தேன்.

மாமன் என் கணக்கில் இல்லை. ஆனாலும் கோழிக்கூண்டைத் தாண்டாமல் வரமுடியுமா? அவரையும் தராசில் ஏற்றுவேன். எடை கூடிக்கொண்டே போனது. முகமும் உப்பியது. ஊரில் எல்லோரும், "மாமா தேறிட்டாரு, கன்னம் வச்சிடுச்சி" என்று சந்தோஷப்பட்டார்கள். "அது சதை இல்ல, தண்ணி" என்று நான் கத்துவேன். அவர் என்னைச் சீண்டுவார். "பொறந்ததுல இருந்து ஒல்லியா இருந்தேன். இப்பதான் கொஞ்சம் ஆளா இருக்கேன், அதுவும் உங்களுக்குப் பொறுக்கலையா?" என்பார்.

"அண்ணே, நீர் மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"போட்டுக்கினுதான் இருக்கேன். புட்டிய வேணா பாருங்க."

பார்த்தேன். அவர் புட்டியும் ஒழுங்காகத்தான் குறைந்திருந்தது. அப்போது என் கோபம் முழுக்கச் சாப்பாட்டின் மேல் திரும்பியது. கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், உப்புப் போட்ட கூழ். அக்காளைப் பிடித்துக்கொண்டேன். "உப்பக் கம்மி பண்ணுங்கக்கா. உப்பு தண்ணியப் புடிச்சி வைக்கும். அவரு கால் வீங்குறது உங்க கையிலதான் இருக்குது" என்றேன். பாவம், அந்த அம்மாள் அதன்பிறகு உப்பே போடவில்லையாம். மனிதர் நாக்குக்கு ருசியில்லாமலேயே கடைசி நாட்களைக் கழித்தார். அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. சுகாதார நிலையத்து டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் வீக்கத்தைப் பார்த்துவிட்டு நீர் மாத்திரையின் அளவைக் கூட்டிக் கொடுத்தார். இனி வற்றிவிடும் என்று நிம்மதியாக மலை இறங்கினேன்.

மாமன் வற்றவில்லை. சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் காட்டில் இருந்தார்கள். அவர் மட்டும் வீட்டு வாசலில் உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அடித்துக்கொண்டிருந்தாராம். ஆம்புலன்சுக்குச் சொல்லி, அது வரும் வரை பொறுக்காமல் ஜீப்பில் ஏற்றி எதிரே கொண்டுபோயிருக்கிறார்கள். மலை இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. மச்சானின் மடியில்தான் தலை இருந்தது. எனக்கு மறுநாள்தான் போன் வந்தது. ஆராய்ச்சியில் இல்லாத ஆள் என்பதால் மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. மச்சான் சொன்னது எனக்கு, சிநேகத்துக்கு.

காரியம் முடிந்தபின் நான் போனேன். அக்காள் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டதும் அழுதார். அழுகை அடங்கியபின், தம்பியைப் பற்றி ஒரு பெருமை சொல்ல ஆரம்பித்தார். துக்க வீட்டில் அப்படித்தான். இருப்பவர்களைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்வார்கள்.

"என் தம்பி மாதிரி யாரு இருப்பா, நர்சம்மா. தனக்கு வந்த மாத்திரைய ஒரு நாள்கூட தனியா தின்னல. ஒரு நாள் அவன் போட்டா மறுநாளு மாமனுக்கு. டவுன்ல இருந்து வந்த நாள்ல இருந்து அப்படித்தான்."

"எந்த மாத்திரைக்கா?"

"நீங்க குடுத்ததுதான். இவரும் சும்மா வாங்கிக்குவாரா? மானஸ்தன். தன்னோட நீர் மாத்திரைய அவனுக்குக் குடுப்பாரு. இவரு உங்க மாத்திரைய போடற நாளு அவன் நீர் மாத்திரைய போடுவான். மறுநாளு மாத்திக்குவாங்க. அளவு ஜாஸ்தி பண்ணிக் குடுத்தாங்களே, அதுவும் அப்படித்தான். பங்குல ஒரு கொற வெச்சதில்ல ரெண்டு பேரும்."

தினமும் போட்டே ஆகவேண்டிய மாத்திரையை அந்த மனிதர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டிருக்கிறார். நான் உப்பைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாளைத் திட்டியிருக்கிறேன். ஒரு தப்பு செய்ய வேண்டும் என்று அங்கே யாருமே நினைக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் குறை வைக்கக்கூடாது என்று நினைத்தார்கள்.

டாக்டரிடம் வந்து சொன்னேன். முதலில் கோபப்பட்டார். கிட்னி கெட்டவருக்கு அந்தப் புது மாத்திரை போயிருக்கிறதே என்று தலையில் கை வைத்தார். பிறகு நீர் மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் கோபம் அடங்கிவிட்டது. "தெனமும் ஒழுங்கா போட்டிருந்தாலும் எத்தனை நாள் இருந்திருப்பாருன்னு நான் சொல்ல முடியாது" என்றார். "ஆனா இப்ப போயிருக்க மாட்டார்." ஆராய்ச்சியை நடத்தும் மேலிடத்துக்கு எழுத வேண்டியதை எழுதினார். மச்சானிடமிருந்து ஆராய்ச்சிப் புட்டியைத் திரும்ப வாங்கிவிட வேண்டும், ஆனால் மற்றவர்களைப்போல ஆராய்ச்சி முடியும்வரை அவர் உடம்பைப் பார்த்துவர வேண்டும் என்று பதில் வந்தது.

புட்டியை வாங்கப் போனபோது, மாத்திரையைப் பங்கு போடக்கூடாது, அவரவர் உடம்புக்கு எழுதினதை அவரவர்தான் சாப்பிட வேண்டும் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. "இனிமே யாருக்குப் பங்கு குடுக்கப்போறேன்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மாமன் எதனால் போனார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இருதயம் கெட்டுப்போனவர், போய்விட்டார். ஊருக்கு அது போதுமான காரணமாக இருந்தது.

அடுத்த மாதம் போனபோது மச்சானுக்குக் கால் வீங்கியிருந்தது. ஏற்றத்தில் மறுபடி நிற்க ஆரம்பித்திருந்தார். துக்கத்தில் ஆள் தளர்ந்துவிட்டான் என்றார்கள் ஊரில். சுகாதார நிலையத்து டாக்டர் பார்த்துவிட்டு அவருக்கே தனியாக ஒரு நீர் மாத்திரை எழுதினார். கால் வற்றிவிட்டது.

பிறகு ஒரு நாள் ஆராய்ச்சி முடிந்தது. எண்களைத் திறந்தார்கள். எந்தெந்த நோயாளிக்கு எது போனது என்று டாக்டரின் கணினித் திரையில் வந்தது. நான் பின்னால் நின்றுகொண்டு மச்சானின் எண்ணைத் தேடினேன். வெறும் மாத்திரை.

டாக்டருக்கும் உடனே புரிந்தது. மாமன் வாங்கியது ஒன்றுமில்லாத மாவு. கொடுத்தது தன் உயிரைப் பிடித்து வைத்திருந்த மருந்து. மச்சான் நன்றாக ஆனது எங்கள் மாத்திரையால் அல்ல, மாமன் கொடுத்த பாதியால். கிட்னிக்கு ஆகாத மாத்திரையை அவர் சாப்பிட்டுவிட்டாரே என்று அத்தனை நாள் உறுத்திக்கொண்டிருந்தது. அது மட்டும் போயிற்று. அதன் இடத்தில் வந்தது அதைவிட மோசம்.

ஆராய்ச்சியில் சேர்ந்த ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும், அவர்கள் புட்டியில் இருந்தது எது என்று தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேட்க வேண்டும். அது அவர்கள் உரிமை. வேண்டாம் என்றால் வற்புறுத்தக்கூடாது. "அவரு கேட்டா மறைக்கக் கூடாது" என்றார் டாக்டர். பிறகு, "கேக்காம இருந்தா நல்லது" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

மலையேறும்போது எலுமிச்சைத் துண்டை எடுத்துப்போக மறந்துவிட்டேன். குமட்டவும் இல்லை. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாக்கியம் யோசித்து, அடுத்த வளைவில் அதை அழித்தேன். சொன்னால் அந்த மனிதர் இனி ஒரு நாள்கூட நிம்மதியாக நீர் மாத்திரை விழுங்க மாட்டார். பக்கத்து வீட்டில் தாலி இழந்து உட்கார்ந்திருக்கும் அக்காளின் முகத்தில் எப்படி விழிப்பார்? சொல்லாவிட்டால், 'மறைக்கக்கூடாது' என்ற முதல் பாடத்தையே நான் மீறியவள் ஆவேன்.

மச்சான் பாறையில் சாமையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அக்காள் டீ போடப் போனார். நான் நன்றி சொன்னேன். ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று சொன்னேன். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அண்ணே, உங்க புட்டியில இருந்தது மருந்தா, வெறும் மாவான்னு இப்ப தெரிஞ்சிடுச்சி. உங்களுக்குத் தெரிஞ்சிக்கணுமா? தெரிஞ்சிக்கினுதான் ஆவணும்னு இல்ல. உங்க இஷ்டம்."

அவர் சிரித்தார். "அத்த நீங்க வந்து சொல்லணுமா? எனக்குத் தெரியாதா? போட்ட வரைக்கும் நல்லா இருந்தேன். நீங்க புட்டிய வாங்கிக்கினு போனீங்க, கால் வீங்கிடுச்சி. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். எங்கள் டாக்டர்கள் கூட்டத்தில் யாராவது கேட்டிருந்தால், நல்ல கவனிப்பு என்று பாராட்டியிருப்பார்கள். புட்டி போன அதே நேரத்தில்தான் மாமனும் போனார், மாமனோடு அவருடைய நீர் மாத்திரையும் போனது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? மாமன் கொடுத்ததை அவர் மருந்து என்று நினைத்து வாங்கவே இல்லை. பங்குக்குப் பங்கு வேண்டாம் என்றால் மாமன் வருத்தப்படுவாரே என்றுதான் வாங்கிப் போட்டிருக்கிறார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சாமையைத் துழாவுவதை நிறுத்திவிட்டு, அக்காள் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் மனச அறுத்துக்கினே இருக்குது, நர்சம்மா. யாருகிட்டயும் சொல்லல. எனக்கு சின்னதாதான் இருந்துது வியாதி. மாமாவுக்குதான் முத்திப்போயிருந்துது. தெரிஞ்சும் நான் பாதிதான் குடுத்தேன். எனக்கு வேணும்னு பாதிய வெச்சிக்கினேன். முழுசா அவருக்கே குடுத்திருந்தா, மாமா இன்னிக்கி இங்க உக்காந்திருப்பாரு."

கையில் ஒட்டியிருந்த சாமையைத் தட்டிக்கூட விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் நின்றது. தான் கஞ்சன் என்று நினைத்துக்கொண்டு அந்த மனிதர் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறார். அந்தப் பாரத்தை இறக்கிவைக்க என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. ஆனால் அந்த வார்த்தையை முழுசாகச் சொன்னால், அதைவிடப் பெரிய பாரத்தை நானே தூக்கி அவர் தலையில் வைக்க வேண்டும். கேட்டால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன் என்பதும் நிஜம்.

"இல்லண்ணே" என்றேன். "முழுசா குடுத்திருந்தாலும் அவரு பொழைச்சிருக்க மாட்டாரு. சத்தியமா சொல்றேன். நீங்க குடுக்காத பாதியால அவரு போவல."

இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. இத்தனை வருட வேலையில் ஒரு நோயாளியிடம் இவ்வளவு நிச்சயமாக நான் எதையும் சொன்னதில்லை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முதல் நாள் வெறும் மாவைப் பற்றிச் சொன்னபோது பார்த்த அதே பார்வை.

"நீங்க நல்லவங்க நர்சம்மா" என்றார். "ஆறுதலுக்கு சொல்றீங்க. எனக்குத் தெரியாதா?"